துணிகளுக்கு நடுவே நின்றது

போன வியாழக்கிழமை கடையில் உட்கார்ந்து நிட்டிங் மிஷின் ஊசிகளைச் சைஸ் வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் வந்தார். ஊசி கேட்கவில்லை. ஆயில் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாமுங்க. நீங்க பேய் பாத்தீங்களாமா?"

"யாரய்யா சொன்னது?"

"நீங்கதான் சொன்னீங்களாமா. சலவைப் பட்டறைப் பொம்பளைங்க அத்தனை பேரும் சொல்றாங்க. பேயும் இல்ல, பிசாசும் இல்லைன்னு வாராவாரம் எழுதறவரே ஒத்துக்கிட்டாருன்னு ஊரெல்லாம் இதே பேச்சு, இதே நாயமுங்க."

போய்யா என்று விரட்டினேன். போனார். வாசல்படியில் திரும்பி நின்று, "வெள்ளைச் சேலைங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்!

ஆகவே இந்த வாரம் இதை எழுதித் தீர்த்துவிடுகிறேன். ஆமாம், சொன்னேன். ஒரு பட்டறையே கூடி நிற்க, "பேய்தான்" என்று சொன்னது நான்தான். அது பொய். சொன்னதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எதற்காகச் சொன்னேன் என்பதை இப்போது எழுதினால் யார் உயிருக்கும் ஆபத்தில்லை. அதனால் எழுதுகிறேன்.

எந்த இடம் என்று கேட்டுக் கடிதம் போடாதீர்கள். சொல்ல மாட்டேன். திருப்பூரிலிருந்து பஸ் போகிற தூரம். அவ்வளவுதான்.

என் சிநேகிதர் நாச்சிமுத்து அங்கே சலவைப் பட்டறை வைத்திருக்கிறார். நயா பைசா வந்த பிறகும் அணாக் கணக்கிலேயே பேசுகிற மனிதர். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன் — மிஷினிலிருந்து இறங்கும் பனியன் துணி வெள்ளையாக இருக்காது. பழுப்பாக இருக்கும். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊறவைத்து, அலசி, நீலம் போட்டு, வெயிலில் காயவைத்தால்தான் நீங்கள் மாட்டிக்கொண்டு திரிகிற வெள்ளைப் பனியன்.

காயவைப்பது பக்கத்து மேய்ச்சல் காட்டில். காடு என்றால் மரக்காடு இல்லை. சுற்றிலும் கிளுவை வேலி, அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம், மற்றதெல்லாம் புல். அந்தப் புல்மேல் நீளநீளமாகத் துணி விரிப்பார்கள். மூலைக்கு ஒரு கல் வைப்பார்கள். ஆடி மாதத்தில் கல் வைக்காவிட்டால் பாலக்காட்டுக் காற்றில் துணி கரூருக்கே போய்ச் சேர்ந்துவிடும். உச்சி வேளையில் பெண்கள் போய் எல்லாவற்றையும் மறுபக்கம் திருப்பிப் போட வேண்டும்.

போன வருஷம் அப்படித் திருப்பப் போனவள் பாப்பாத்தி. கல்யாணத்துக்குப் பேசி வைத்திருந்த பெண். ஈரத் துணியைத் தூக்கினாள். அடியில், குளிர்ச்சிக்கு ஒதுங்கி, கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது.

பட்டறையில் மாட்டு வண்டி உண்டு. அதில் பாதி லோடு ஏறியிருந்தது. லோடை இறக்குவதா, வேறு வண்டி பிடிப்பதா என்று பேசினார்கள். பேசினார்கள்... பேசிக்கொண்டே இருந்தார்கள். பெண் போய்விட்டாள்.

நாச்சிமுத்து என் சிநேகிதர்தான். இதை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். இங்கேயும் சொல்கிறேன்.

பாப்பாத்தியின் அம்மா மாராத்தாள் அதே பட்டறையில்தான் இன்னமும் துணி அலசுகிறாள். வேறு எங்கே போவாள்?

இந்த ஆடி பிறந்ததும் ஆரம்பித்தது. திருப்பிப் போடப் போன பெண்கள் அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். வெள்ளையாக ஒன்று துணிகளுக்கு நடுவே நிற்கிறதாம். தலை மட்டும் கறுப்பாம். குனிந்து குனிந்து நடக்கிறதாம். முனகுகிறதாம் — கடிபட்டுக் கிடந்தவள் வண்டிக்குக் காத்திருந்து முனகினாளே, அதே முனகலாம்.

பாப்பாத்திதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நம் ஜனங்களின் நியாயத்தைப் பாருங்கள். கொன்றது பாம்பு. பாம்புக்குப் பயமில்லை, இன்னமும் வெறுங்காலோடுதான் போகிறார்கள். கூடவே வேலை செய்து, கூடவே சோறு தின்ற பெண்ணைக் கண்டால்தான் பயம்!

நாச்சிமுத்து என் கடைக்கு வந்தார்.

"ஏனுங்க, நீங்கதான் வந்து ஒரு வார்த்தை சொல்லோணும். உங்க எழுத்தைத்தான் சாயங்காலம் ஒருத்தி படிக்கறா, மத்தவளுக எல்லாம் கேக்கறாளுக."

"என்னன்னு சொல்ல?"

"பேய் இல்லைன்னுதான். ஒரு மத்தியானம் உள்ள போயி உக்காந்துட்டு வந்து சொன்னாப் போதும். மச்சினனும் கொமரலிங்கத்துல இருந்து வந்திருக்கறான். ரெட்டைக்குழல் துப்பாக்கியோட ஊட்டுலதான் உக்காந்திருக்கறான். பேயின்னா ஓடிப் போகட்டும். ஏதாச்சும் ஜெந்துவா இருந்தா கொழம்புக்கு ஆச்சு."

சரி என்றேன். பேயைப் பொய்யாக்குவதென்றால் எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

மறுநாள் போனேன். தொட்டிக்கரையில் பெண்கள் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். அதில் தெய்வானை என்று ஒருத்தி, வாய் கொஞ்சம் நீளம்.

"வாங்க, வாங்க. எழுதறவரே வந்துட்டாரு. இனிப் பேயி நிக்குமுங்களா? இவரு மூஞ்சியப் பாத்தா நமக்கே ஓடோணும்னுதான் இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். என் முகத்தைப் பற்றி எனக்கும் அபிப்பிராயம் உண்டு, அதனால் நானும் சேர்ந்து சிரித்தேன்.

மச்சினன் ஒரு துணி மூட்டைமேல் உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒரு சத்தம் குடுங்க போதும், பறந்து வந்துருவனுங்க," என்றார். கையில் புதிதாக ஒரு தாயத்து. கறுப்புக் கயிறுகூட இன்னும் அழுக்கேறவில்லை. துப்பாக்கி வைத்திருக்கிறவருக்குத் தாயத்து எதற்கு?

வேலிக் கடவைத் திறக்கும்போது பின்னால் யாரோ வருவது தெரிந்தது. மாராத்தாள்.

"நானும் வாறனுங்க சாமி."

"உனக்குப் பயமா இல்லையா?"

"என்ற புள்ளைகிட்ட எனக்கென்னங்க பயம்?"

இதற்குப் பதில் சொல்ல ஒரு கட்டுரையே என்னிடம் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"உள்ள எது இருந்தாலும் இருக்கட்டுமுங்க சாமி. அந்தத் துப்பாக்கிய மட்டும் உள்ள உட்டுறாதீங்க. ஒருக்கா போனவளை மறுக்காவும் சாகடிக்கோணுமாங்க?"

கட்டுரையை மடித்து வைத்துவிட்டு அவளையும் உள்ளே விட்டேன்.

வெள்வேல மரத்தடியில் உட்கார்ந்தோம். எதிரே துணிகள். மேகம் போட்ட உச்சி வேளை. வெயில் இல்லை, ஆனாலும் கண் கூசியது. எதற்கும் நிழல் விழவில்லை. காற்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. துணிகள் கல்லுக்கு அடியில் கிடந்து துடித்தன.

மாராத்தாள் துணிகளையே பார்த்துக்கொண்டு பேசினாள். "எல்லாரும் கல்லைத் துணி மேலதான் வெப்பாங்க. இவ மட்டும் மூலைக்குள்ள கல்லை வெச்சுச் சுத்தி, ஒரு முறுக்கு முறுக்கி உட்டுருவாளுங்க. எந்தக் காத்துக்கும் எந்திரிக்காது. சுருக்கம் உளுகுதுன்னு மொதலாளி வெய்வாரு. வேற ஆரும் அப்பிடிச் செய்ய மாட்டாங்க."

பெற்றவள் சொல்கிறாள் என்று கேட்டுக்கொண்டேன்.

திடீரென்று காற்று நின்றது.

ஆடிக் காற்று அப்படி நிற்காது. குறையும், மறுபடி எழும். இது நின்றது — மிஷினுக்குக் கரண்ட் போனால் நிற்குமே, அப்படி. துணிகளெல்லாம் ஒரே சமயத்தில் அடங்கிப் படுத்தன. பிளீச்சிங் வாடை மட்டும் அப்படியே நின்றது. தொட்டிக்கரைப் பேச்சு கேட்கவில்லை. ஒரு தவிட்டுக் குருவிகூடக் கத்தவில்லை.

அப்போது அந்தச் சத்தம் வந்தது.

காதில் கேட்டது என்று சொல்ல முடியாது. தரை வழியாக வந்து, உட்கார்ந்திருந்த என் உடம்புக்குள் ஏறியது. "ஊம்ம்ம்..." என்று ஒரு முனகல். கொஞ்சம் நிறுத்தம். மறுபடி "ஊம்ம்ம்..." வலியில் கிடக்கிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் என் அப்பாவோடு இருந்திருக்கிறேன். இது அதுதான்.

எதிரே, கடைசி வரிசைக்குப் பக்கத்தில், வெள்ளையாக ஒன்று தரையிலிருந்து எழுந்தது.

துணிதான் எழுகிறது என்று நினைத்தேன். காற்றில்லாமல் துணி எப்படி எழும்? அது உப்பியது. தொங்கியது. மேலே கறுப்பாக ஒரு தலை. தலை குனிந்த ஒரு பெண், வெள்ளைச் சேலையை முன்னால் வாரிப் பிடித்துக்கொண்டு, அடி எடுத்து வைக்கிற மாதிரி... வைத்தது. ஒரு அடி. இன்னொரு அடி.

எழுந்து ஓடு என்று கால் சொன்னது. இத்தனை வருஷம் பேயைக் கிண்டல் செய்து எழுதியதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கை மயிர் நட்டுக்கொண்டு நின்றது. மாராத்தாள் அசையவில்லை. அவள் முகத்தில் பயமே இல்லை. அதைப் பார்த்து எனக்கு இன்னும் பயம் கூடியது.

பிறகு அது பக்கவாட்டில் திரும்பியது.

உப்பியிருந்த வெள்ளை மெல்லச் சுருங்கி மேலே ஏறியது. நீளமான கழுத்து ஆயிற்று. கறுப்புத் தலை ஒரு கொண்டையாயிற்று. பின்னால் விறைத்து நின்ற வால் இறங்கியது, பழுப்பு முதுகு தெரிந்தது — பழுப்பென்றா சொன்னேன்? காய்ந்த புல்லின் அத்தனை நிறமும் அதில் இருந்தது. நெஞ்சுக்குக் குறுக்கே கறுப்பாக ஒரு பட்டை. என் இடுப்பு உயரம் இருக்கும்.

பறவை!

கானமயில்.

என் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் காடுகளில் முன்பெல்லாம் கூட்டமாகவே திரியுமாம். ஒன்றைச் சுட்டால் ஒரு வீடே உட்கார்ந்து சாப்பிடலாமாம். அப்படிச் சாப்பிட்டே தீர்த்துவிட்டார்கள். "இனி எங்க இருக்குது?" என்று அவர் சொல்லி நிறுத்திக்கொள்வார். நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பார்ப்பேன் என்று நினைத்ததும் இல்லை.

அது நடந்தது பாருங்கள்... தலையை லேசாக மேலே தூக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல். விரித்திருந்த துணிகளுக்கு நடுவில் கிடைத்த சந்துகளில் மட்டும் கால் வைத்தது. ஒரு துணியையும் மிதிக்கவில்லை. ஒரு வெட்டுக்கிளியைக் கொத்தியது. கழுத்தை நீட்டியது. மறுபடி கழுத்தடியில் அந்த வெள்ளைப் பையை உப்பவிட்டு, தரையே முனக முனகியது. எங்கேயோ இருக்கிற, அல்லது எங்கேயுமே இல்லாத ஒரு பெட்டையைக் கூப்பிடுகிற சத்தம். அதைத்தான் நாங்கள் சாவு முனகல் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்!

எனக்குச் சந்தோஷத்தை எழுத வராது. கோபத்தை எழுதத்தான் வரும், உங்களுக்குத் தெரியும். ஆனால் அன்று அந்த மரத்தடியில் நான் அனுபவித்தது சந்தோஷம். கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை. பிளீச்சிங் நாற்றத்துக்கும் துணிக்கும் நடுவில், யாரும் கேட்காமல், யாரும் காசு கொடுக்காமல், அத்தனை அழகு தானாக வந்து நின்றது. கண்ணில் தண்ணீர் வந்தது. பிளீச்சிங் வாடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் விசித்திரமாக இருந்தது. நடந்துகொண்டிருந்த பறவை, கடைசி வரிசையருகே நின்றது. தலையைச் சாய்த்து, யாருமில்லாத ஓர் இடத்தை வெகுநேரம் பார்த்தது. பிறகு ஒரு அடி தள்ளி நின்றது — ஒற்றையடிப் பாதையில் எதிரே ஆள் வந்தால் நாம் ஒதுங்கி நிற்போமே, அப்படி. அதன் பின்னாலிருந்த துணியின் ஓரம் ஒருமுறை தூக்கி, விழுந்தது. காற்று இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எனக்குப் பறவை மட்டும்தான் தெரிந்தது.

பிறகு அது வேலிச் சந்தில் நுழைந்து பின்பக்கக் காட்டுக்குள் போய்விட்டது. காற்று மறுபடி அடித்தது. எழுந்தோம். கடைசி வரிசை வழியாக நடக்கும்போது சில துணிகளின் மூலைகளில் கல் உள்ளே சுற்றி முறுக்கியிருந்ததைப் பார்த்தேன். உட்காரும்போது எல்லாக் கல்லும் துணிமேல்தான் இருந்தது என்று ஒரு நினைப்பு. சரி, நான் என்ன எண்ணியா பார்த்தேன்?

என் மண்டையில் வேறு விஷயம் ஓடிக்கொண்டிருந்தது. கடவுக்கு வெளியே ரெட்டைக்குழல் காத்திருக்கிறது. "பேய் இல்லை, பறவை" என்று நான் உண்மை சொன்னால் என்ன நடக்கும்? பெண்கள் சிரித்துக்கொண்டு வேலைக்குப் போவார்கள். மச்சினன் சிரித்துக்கொண்டு உள்ளே போவார். ராத்திரி நாச்சிமுத்து வீட்டில் குழம்பு மணக்கும். எனக்கும் ஒரு தூக்குப்போசியில் வரும்.

"சுடாதீர்கள், அபூர்வமான பறவை" என்று சொல்லிப் பார்க்கலாமே என்கிறீர்களா? அபூர்வம் என்று சொன்னால் நம் ஊரில் அடுத்த கேள்வி என்ன தெரியுமா? "அப்ப ருசியா இருக்குமுங்களா?"

எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாராத்தாளும் பார்த்தாள்.

"பேய்தான்," என்றேன்.

யாரோ ஒருத்தி கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள்.

"என் கண்ணால பார்த்தேன். வெள்ளையா நிக்குது. துப்பாக்கியால சுட்டா சுட்டவனோடயே வீட்டுக்கு வந்துரும்."

இந்தக் கடைசி வரி எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

தெய்வானைதான் முதலில் பேசினாள். "நாங்க சொன்னா மட்டும் கேக்க மாட்டீங்க. ஆம்பளை சொன்னாத்தான் அது பேயி!"

மச்சினனின் கை தாயத்துக்குப் போயிற்று. "நானும் அப்பவே நெனச்சனுங்க," என்றார். சாயங்கால பஸ்ஸுக்குத் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு உடுமலைப் பக்கம் தன் ஊருக்கே போய்விட்டார்.

நாச்சிமுத்து மட்டும் விடவில்லை. "உங்களை நம்பிக் கூப்புட்டேன் பாருங்க, என்னையச் சொல்லோணும்! அப்ப பத்திரிகையில எழுதறதெல்லாம் என்னங்க?"

"எழுதுவேன். அது வேற, இது வேற."

"நல்ல வேறங்க!"

மேற்கே இன்னொரு காட்டைப் பிடித்து அங்கே துணி விரிக்க ஆரம்பித்தார். பெண்கள் வேலைக்கு வந்தார்கள். பழைய காட்டுக்குள் ஆடு மேய்க்கக்கூட யாரும் நுழையவில்லை. அவ்வளவு பெரிய காவல் எந்தச் சர்க்காராலும் போட முடியாது! எனக்குத்தான் ஊரெல்லாம் கேலி. இருக்கட்டும். ஒவ்வொரு நாளும் உச்சி வேளையில் ஊசியைப் பிரித்துக்கொண்டே, இந்நேரம் அது நடந்துகொண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். கேலி செய்கிறவனைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

போன வாரம் மழை பிடித்தது. மழை விட்ட மறுநாள் மாராத்தாள் என் கடைக்கு வந்தாள்.

"சாமி, ரெண்டும் போயிருச்சுங்க."

"ரெண்டா?" குதித்து எழுந்தேன். ஊசி டப்பா கவிழ்ந்தது. "ஜோடி சேர்ந்திருச்சா? பெட்டை வந்துச்சா?"

அவள் புரியாமல் பார்த்தாள். இனி மறைக்க என்ன இருக்கிறது? குரலைத் தணித்துக்கொண்டு சொன்னேன்: "மாராத்தா, உன்கிட்ட மட்டும் சொல்றேன். அது உன் மக இல்லை. பறவை. கானமயில். அதைச் சுட்டுருவாங்கன்னுதான் பேய்ன்னு பொய் சொன்னேன். மனசுல வெச்சுக்காதே."

ஒரு வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"அட சாமி! பச்சின்னு எனக்குத் தெரியாதுங்களா? கண்ணு முன்னால அவ்வளவு பெருசா நடந்துச்சே!"

"அப்புறம்... என்ற புள்ளைன்னு சொன்னியே?"

"நான் பச்சியச் சொல்லலீங்களே. பச்சிக்குப் பின்னால துணி திருப்பிக்கிட்டு இருந்தாளே... அவளைச் சொன்னனுங்க. நீங்களும் பாத்தீங்களேன்னுதானே, மொதலாளிகிட்ட மறைக்காமச் சொன்னீங்களேன்னுதானே, கும்புட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

கும்பிட்டாள். போய்விட்டாள். கீழே கொட்டிய ஊசிகளைப் பொறுக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

பேய் இல்லை. இன்றும் சொல்கிறேன், அடித்துச் சொல்கிறேன். கல்லைக் காலையிலேயே யாராவது சுற்றி வைத்திருப்பார்கள், நான் சரியாகக் கவனித்திருக்க மாட்டேன். துணியின் ஓரம் தூக்கியதற்கு எங்கேயோ கொஞ்சம் காற்று மிச்சம் இருந்திருக்கும். பெண்ணைப் பறிகொடுத்தவள் கண்ணுக்கு எதுவும் தெரியும். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது.

ஒன்றுக்குத்தான் இல்லை. அந்தப் பறவை யாருக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றது?